மேதையின் தோள் குலுக்கல்

"வாங்கய்யா, வாங்க! உங்களுக்காகத்தான் மொத்தப் பூங்காவும் காத்துக் கிடக்குது!"

கறுப்புக் கோட்டுக்காரரைப் பார்த்ததும் காவலாளியின் கை தானாக நெற்றிக்குப் போய்விட்டது. எட்டு மாசம் ஜவுளிக்கடை வாசலில் நின்ற அனுபவம் சும்மா போகுமா? துணியின் பளபளப்பிலேயே ஆள் பெரிய இடம் என்று எடை போட்டுவிட்டான். கோட்டு உடம்பைக் கொஞ்சம் இறுக்கித்தான் பிடித்திருந்தது. தோளோரம் வெள்ளையாக ஒரு கோடு வேறு, சாக்பீஸால் இழுத்த மாதிரி. வெளிநாட்டு டிசைன் போலிருக்கிறது, நமக்கென்ன தெரியும் என்று விட்டுவிட்டான்.

"மேடை எந்தப் பக்கம்ப்பா? அஞ்சு நிமிஷ வேலை. முடிச்சுட்டுக் கிளம்பிடுவேன்."

இரண்டு மணி நேரக் கச்சேரியை அஞ்சு நிமிஷம் என்கிறாரே! பெரிய மனுஷர்களுக்குத்தான் இந்த அடக்கமெல்லாம் வரும் என்று காவலாளிக்குப் புல்லரித்தது. கதவை அகலத் திறந்துவிட்டான்.

அன்று சாயங்காலம் திறந்தவெளியில் அனிமே எனும் ஜப்பான் கார்ட்டூன் படங்களின் இசைக் கச்சேரி. மேடையில் எழுபது வாத்தியக்காரர்கள். புல்தரையில் படப் பாத்திரங்களின் வேஷத்தில் மூவாயிரம் ரசிகர்கள்; பாதிப் பேருக்குப் பூனைக்காது, மீதிப் பேருக்கு வால்.

வாத்தியக்காரர்கள் எல்லாரும் வந்தாகிவிட்டது. இனி இந்தக் கலைஞர் வாசல் வழியாக, வெளியூரிலிருந்து வரும் இசை நடத்துநரை மட்டும் உள்ளே விட வேண்டும். வேறு ஒரு ஈ நுழையக் கூடாது. ஆனால் அவர் முகம் ஒருத்தருக்கும் தெரியாது. ஒத்திகை மழையில் போயிற்று. போஸ்டரிலும் அவர் படத்துக்குப் பதிலாக ஒரு கொழுத்த பூனைதான் கண்ணடித்துக்கொண்டிருந்தது.

வேலை வாங்கிக் கொடுத்த மேற்பார்வையாளர், பெண்டாட்டியின் அண்ணன். மதியமே கறாராகச் சொல்லிவிட்டார்: "மாப்ள, இந்த வருஷத்துல இது உங்களுக்கு நாலாவது வேலை. இதுவும் போச்சுன்னா என் தங்கச்சியை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். அப்புறம் நீங்களே பொங்கி நீங்களே தின்னுங்க."

கோட்டுக்காரர் உள்ளே போய் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அரைக்கைச் சட்டையும் செருப்புமாக ஒருவர் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"தம்பி, வழி விடு. நான்தான் கண்டக்டர்."

"இப்படிச் சொல்லிட்டு உள்ள நுழையப் பார்த்தவங்க இதோட ஏழு பேரு ஆச்சு. இப்பதான் ஒருத்தர் அட்டைக் கத்தியைத் தூக்கிட்டு வந்து, நான்தான் டிரம் அடிக்கிறவன்னாரு. அவராவது செலவு பண்ணி வேஷம் போட்டிருந்தாரு. நீங்க அதுகூடப் பண்ணல."

"யோவ், போஸ்டர்ல என் பேரு இருக்குய்யா!"

"போஸ்டர்ல பூனைதான் சார் பெருசா இருக்கு. உங்களுக்கு மீசைகூட இல்லையே!"

அதற்குள் இசை பொங்கி எழுந்தது. காவலாளி திரும்பிப் பார்த்தான். வாசலிலிருந்து கோட்டுக்காரரின் முதுகுதான் தெரிந்தது. அவர் ஒரு கையை உதறினார், வயலின்கள் அலறின. தோளைக் குலுக்கினார், டிரம் அதிர்ந்தது. புல்தரையில் மாவீரன் வேஷம் போட்ட ஒருவன் தன் வாலாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்து மச்சான் வந்து சேர்ந்தார். அரைக்கைச் சட்டைக்காரர் அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். அதைப் படிக்கப் படிக்க மச்சானின் முகம் வெளுத்தது.

"மாப்ள... இவர்தான் கண்டக்டர்! அப்ப மேடையில யாரு?"

"கோட்டு போட்டிருந்தாரு மச்சான்..."

"கோட்டு போட்டிருந்தா விட்டுடுவியா? நாளைக்கு எருமைக்குக் கோட்டு மாட்டி ஓட்டிட்டு வந்தா அதுக்கும் சல்யூட் அடிப்பியா?"

மச்சானுக்குக் கோபம் வந்தால் 'நீங்க' போய் 'நீ' வந்துவிடும். காவலாளிக்கு இப்போதே பெண்டாட்டியின் பெட்டியும் அணைந்த அடுப்பும் கண்ணுக்குள் வந்தன.

"உஷ்!" என்றார் நிஜ நடத்துநர். அவர் கண் மேடையை விட்டு அகலவில்லை.

மேடையில் கோட்டுக்காரர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் வளைத்து, இடுப்பை ஒடித்து, ஒரு முழுச் சுற்று சுற்றி நின்றார். எழுபது வாத்தியங்களும் கத்தரித்தாற்போல் நின்றன. மூவாயிரம் பேரும் எழுந்து கைதட்டியதில் பாதிப் பூனைக்காதுகள் கழன்று விழுந்தன.

"முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன்," என்றார் நிஜ நடத்துநர். "இப்படி ஒரு தோள் குலுக்கல் எனக்கு வந்ததே இல்ல. யாருப்பா இந்த மேதை? நான் அவர்கிட்ட கத்துக்கணும்."

மச்சானின் முகத்தில் ரத்தம் திரும்பியது. "எங்க மாப்ள கண்ணு தராசு மாதிரி சார். ஆளைப் பார்த்தா அப்படியே நிறுத்துடுவாரு. நான்தான் வற்புறுத்தி வேலைக்குச் சேர்த்தேன்."

காவலாளி அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டான். ரெண்டு மணி நேரக் கச்சேரியை அஞ்சு நிமிஷம்னு சொன்னபோதே புரிஞ்சுபோச்சு மச்சான் என்று சொல்ல வாயெடுத்தான்.

அதற்குள் மேதையே மேடையிலிருந்து குதித்து ஓடி வந்தார். உடம்பெல்லாம் வேர்வை. ஒரு கை கோட்டுக்குள்ளே, ஒரு கை வெளியே. காவலாளியைத் தள்ளிவிட்டு, அரைக்கைச் சட்டைக்காரர் முன்னால் கும்பிடக்கூட முடியாமல் நின்றார்.

"சார், மன்னிச்சுக்குங்க! காலையில நம்ம தையல்கடையில தோளைப் பிரிச்சு லூசாக்கக் குடுத்தீங்களே, அந்தக் கோட்டு! மடிச்சா கசங்கிடும்னு போட்டுக்கிட்டே மேடைக்குக் கொண்டுவந்துட்டேன்."

கோட்டுக்குள் சிக்கிய கையை அவர் இன்னொரு தரம் உதறினார்.

"கழட்டலாம்னு கையைத் தூக்கினேன் சார், எல்லாரும் வாசிக்க ஆரம்பிச்சுட்டாங்க!"