கட்டிலில் படுத்திருந்த அங்கி

லடாக்கில் ஒரு விடுதிக்குத் துணி துவைக்கப் போன வேலாண்டியிடம், முதலாளியம்மா டோல்மா யாக் மாட்டு ரோமத்தில் நெய்த தன் அங்கியைக் கொடுத்தாள். இப்படி ஒன்றை வெந்நீரில் முக்கிப் பிள்ளைச் சட்டையாகச் சுருக்கிவிட்ட முந்தைய ஆள், அன்றைக்கே ஊருக்கு பஸ் ஏற வேண்டியதாயிற்று. வேலாண்டி வாழ்நாளில் முதல்முறையாக ஒரு துணியை அடிக்காமல், முறுக்காமல், பச்சைத் தண்ணீரில் அலசித் துண்டில் சுருட்டி ஒற்றியெடுத்தான். கொடியில் போட்டால் ஈரக்கனத்திலேயே இழுபட்டுவிடும் என்று தன் கட்டிலில் கைகளை விரித்துக் கிடத்தினான். மூன்று நாள் தரையில் படுத்துக்கொண்டு அதைப் புரட்டிப் புரட்டிப் போட்டான்.

"என்னலே, பெரியவருக்குக் காய்ச்சல் விட்டுச்சா? கஞ்சி வைக்கட்டுமா?" என்றான் அதே அறையில் தங்கியிருந்த சமையற்காரன் இசக்கி.

"சிரிக்காத மாப்ள. இது சுருங்கிச்சுன்னா நாளைக்கு நானும் பஸ்சுலதான்."

நான்காம் நாள் டோல்மா வந்து போட்டுப் பார்த்தாள். அங்கியின் கை சரியாக மணிக்கட்டில் வந்து நின்றது. அதை முகர்ந்து பார்த்துவிட்டு, கழற்றாமலே போனாள்.

மறுநாள் காலையில் வாசலில் அவள் வீட்டாரின் ஏழு அங்கிகள் இருந்தன. வேலாண்டி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒவ்வொன்றாக உள்ளே தூக்கி வந்தான். இசக்கி முணுமுணுத்துக்கொண்டே தன் கட்டிலில் கிடந்த போர்வையை உருவினான்.