முப்பது டிகிரி வருத்தம்

மணியை ஒரு தரம் தட்டி, ஊதுவத்தியைச் சாம்பலில் செருகிவிட்டு, ஹிரகுரா கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். வீட்டில் இறந்தவர்களைக் கும்பிடும் மாடத்தின் முன்னால், சட்டம் போட்ட படத்தில் ஓர் இளம்பெண் பளிச்சென்று சிரித்துக்கொண்டிருந்தாள். இப்படிப்பட்ட சிரிப்புக்கு எவ்வளவு நேரம் கண்ணை மூடியிருந்தால் மரியாதை என்று அவர் யோசித்தார்.

நோயாளர் நிவாரண வாரியத்தின் செயல்பாட்டுத் தலைவர் அவர். வைத்தியத்தால் கெட்டுப்போன உடம்புகளுக்கு அரசாங்கம் தரும் ஈடு அவர் முத்திரை விழாமல் நகராது. பதவிக்கு வந்ததிலிருந்து ஒரு நோயாளியைக்கூட நேரில் பார்த்ததில்லை. பார்த்தால் நடுநிலை போய்விடும் என்பது அவர் கொள்கை. கூட்டங்களில் அதைச் சொல்லும்போது மட்டும் கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வார்.

இன்று வந்தது வேறு வழியில்லாமல். தெராவோ என்ற பெண் ஜலதோஷத்துக்கு மாத்திரை போட்டு, தோல் வெந்து உரிந்து, கண்ணும் கெட்டு, கடை வேலையும் போய் வீட்டோடு கிடந்தாள். முதல் வகுப்புப் பாதிப்பு என்று ஒப்புக்கொண்டால் ஆயுளுக்கும் உதவித்தொகை உண்டு. வாரியமோ 'தோற்றத்தில் குறிப்பிடத்தக்க மாறுதல் இல்லை' என்று அவளைக் கடைசி வகுப்பில் தள்ளியிருந்தது. அவள் மூன்றாவது முறையாக மேல்முறையீடு செய்துவிட்டாள்.

"இந்த மனுவை மட்டும் வாபஸ் வாங்க வச்சுட்டா நிம்மதி" என்றார் வரும்போது காரில்.

"அவங்களைப் பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க சார்" என்றாள் வண்டி ஓட்டிய உதவியாளர் ஓகினோ. "தேவையானதெல்லாம் எடுத்து வைக்கச் சொல்லி போன் பண்ணியிருக்கேன்."

"பாக்கறதுக்கு என்னம்மா இருக்கு? அதான் கமிட்டி டாக்டருங்க காகிதத்தைப் பாத்துச் சொல்லிட்டாங்களே. மன்னிப்புக் கேக்க எத்தனை டிகிரி குனியணும், அதைச் சொல்லு."

"தாமதத்துக்கு முப்பது. தப்புக்கு நாப்பத்தஞ்சு."

"தப்பு எங்க வந்துச்சு? முப்பது போதும்."

"முதுகு வலின்னா இருபத்தஞ்சுல நிறுத்திக்கலாம் சார். யாரும் அளக்க மாட்டாங்க."

வாசலில் இறக்கிவிட்டு, வண்டி நிறுத்த இடம் தேடிப் போனவள் இன்னும் வரவில்லை. உள்ளே வந்து பார்த்தால் இந்தக் கதி. மனுதாரர் செத்துப்போனதைக்கூட ஒருத்தரும் சொல்லவில்லையே என்று எரிச்சல் வந்தது. கோப்பு தானாகவே மூடிக்கொள்ளும் என்று ஓர் ஆறுதல் வந்தது. அதை நினைத்ததற்கு வெட்கம் வந்தது. மூன்றும் வந்த வேகத்திலேயே அவருக்குக் களைப்பாகிவிட்டது.

கண்ணைத் திறந்து திரும்பினார். கதவைத் திறந்துவிட்ட அம்மாள் பின்னால் முழங்காலிட்டிருந்தாள். தலையில் முடி கொட்டி, முகமெல்லாம் கறுப்பும் வெளுப்புமாகத் திட்டுத்திட்டாக, இமைகள் பாதி ஒட்டிக்கொண்டு. பெற்றவளாகத்தான் இருக்க வேண்டும். துக்கம் மனுஷியை என்ன பாடு படுத்திவிடுகிறது.

"ரொம்ப நன்றிங்க" என்றாள் அவள். "அப்பா சந்தோஷப்படுவாரு."

மகளைப் பறிகொடுத்த அப்பா எதற்குச் சந்தோஷப்பட வேண்டும் என்று புரியவில்லை. கேட்டால் பேச்சு நீளும். ஹிரகுரா கொண்டுவந்த இனிப்புப் பெட்டியை இரண்டு கையாலும் நகர்த்தி வைத்துவிட்டு, முப்பது டிகிரியெல்லாம் மறந்து, நெற்றி பாயில் படக் குனிந்தார். முதுகில் ஏதோ சொடுக்கியது.

"எங்களை மன்னிக்கணும்மா. அவங்க இருக்கும்போதே முடிச்சுக் குடுத்திருக்கணும்."

"யாரு இருக்கும்போதுங்க? நான் வந்து..."

"இருங்கம்மா, நான் முடிச்சுடறேன். விதின்னு ஒண்ணு இருக்கு, விதிமுறைன்னு ஒண்ணு இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டவங்க நாங்க."

இது போன வருஷ ஆண்டுவிழாவில் கைதட்டல் வாங்கிய வாக்கியம். அம்மாள் கைதட்டவில்லை. சின்னக் குப்பியைத் திறந்து, தலையை அண்ணாந்து, இரண்டு கண்ணிலும் சொட்டு விட்டுக்கொண்டாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டாள்.

"அழாதீங்கம்மா" என்றார் ஹிரகுரா. தன் பேச்சு இவ்வளவு தூரம் வேலை செய்யும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

"அழலீங்க. நீங்க என்னமோ தப்பா..."

"தப்புன்னு சொல்ல முடியாதும்மா, தாமதம்." அவசரமாகத் திருத்தினார். பிறகு, கொஞ்சம் மனிதத்தனமாகவும் நாலு வார்த்தை பேசுவோம் என்று படத்தின் பக்கம் திரும்பினார். "என்ன வயசுங்க அவங்களுக்கு?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அடுத்த வீட்டு மாடியில் யாரோ மெத்தையைத் தட்டித் தட்டித் தூசி போக்கும் சத்தம் கேட்டது.

"படம் எடுத்தப்போ முப்பத்தொண்ணு" என்றாள்.

"அடடா. என்ன களையான முகம்." ஹிரகுரா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, படத்தை ஒரு தரம், அவளை ஒரு தரம், மறுபடி படத்தை ஒரு தரம், நடுநிலையோடு பார்த்தார். "சொன்னா கோவிச்சுக்காதீங்கம்மா. உங்க சாயல் துளிகூட இல்லீங்களே. அப்பா ஜாடையோ?"

வாசலில் ஓகினோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. அம்மாள் குப்பியின் மூடியை நிதானமாகத் திருகினாள்.

"அதைத்தாங்க நானும் மூணு மனுவுல எழுதினேன். மாடம் செத்துப்போன எங்க அப்பாவுக்கு. முன்னால இருக்கறது உங்க ஆபீஸ்ல எடுத்து வைக்கச் சொன்ன பழைய படம். நான்தான்."