மஞ்சள் மழைக்கோட்டு

பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டுக்குள் காலைத் தூறல் சன்னமாக விழுந்துகொண்டிருக்கிறது. படகோட்டி குப்பு துடுப்பைத் தூக்கிவிடுகிறார். படகு தானாகவே வாய்க்கால் வளைவில் நழுவுகிறது. முன்னால் மஞ்சள் மழைக்கோட்டில் எழிலரசி. வக்காக்கள் என்னும் இராக்கொக்குகள் கூடு கட்டுவதையும் சண்டை போடுவதையும் குஞ்சுக்கு இரை ஊட்டுவதையும் கிட்டத்தில் இருந்து பார்த்து எழுதுவதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அதற்காகவே கொளுத்தும் வெயிலிலும் இதே கோட்டோடு வந்து, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து அவற்றைப் பழக்கியிருக்கிறாள். மஞ்சளைக் கண்டால் அவை கழுத்தைக்கூட நிமிர்த்துவதில்லை.

இன்று வளைவு திரும்பியதுமே கிளைகள் உதறிக்கொள்கின்றன. குவாக் குவாக்கென்று மரம் மொத்தமும் கலைந்து மேலே எழும்புகிறது. பறக்கிற ஒன்றின் காலில், பிடித்த பறவைக்கு மாட்டும் அடையாள வளையம் புதிதாக மினுங்குகிறது.

"நேத்து சார் ஒங்க கோட்ட மாட்டிக்கினுதான் வலை போட்டாரு மேடம். நீங்கதான் குடுத்து அனுப்புனீங்கன்னாரு," என்கிறார் குப்பு.

எழிலரசி திரும்புகிறாள். பின்பலகையில் சார்லஸ், அவளோடு ஒரே துறையில் படிக்கிறவன், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறான்.

"பறவைக் காய்ச்சல் டெஸ்ட்டுக்கு ரத்தம் எடுக்கணும் எழில். வேற யாரு கிட்டத்துல போனாலும் பறந்துடுது. அந்தக் கோட்டுக்கு பயப்படாதுன்னு நீதான சொன்ன?"

அவள் பொத்தான்களைக் கழற்றி, கோட்டைச் சுருட்டிப் பலகைக்கு அடியில் திணிக்கிறாள். தூறல் அவள் முதுகை நனைக்கிறது. குப்பு படகைச் சற்றுப் பின்னே தள்ளுகிறார். வானில் சுற்றியவை ஒவ்வொன்றாக இறங்கிவந்து கிளைகளில் அமர்கின்றன. நீலச் சட்டையில் உட்கார்ந்திருக்கும் சார்லஸைப் பார்த்து ஒன்றுகூட மிரளவில்லை.