முதல் கோட் காய்வதற்குள்

“எனக்கு அந்த மருந்து வேண்டாம். ஆளை விடு,” என்றாள் அண்ணி, ஏணியின் உச்சியில் உட்கார்ந்துகொண்டு.

“ஏன் வேண்டாம்? காரணம் சொல்லுங்க அண்ணி. சும்மா வேண்டாம் வேண்டாம்னா ஒத்துக்க மாட்டேன்,” என்றாள் கீழே ஏணியைப் பிடித்திருந்த நாத்தனார்.

இருவரும் பதினோரு வருஷமாகச் சேர்ந்து பெயின்ட் அடிப்பவர்கள். இன்றைக்கு விடுமுறையில் காலியாகக் கிடந்த ஒரு வகுப்பறை. கொஞ்ச காலமாகவே ஏறுவது அண்ணி, பிடிப்பது நாத்தனார் என்று ஆகியிருந்தது. நீளச் சுவருக்கு முதல் கோட் அப்போதுதான் முடிந்திருந்தது.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. எதில் தகராறு வந்தாலும் முதல் கோட் காய்வதற்குள் பேசித் தீர்த்துவிட வேண்டும். விட்டுக்கொடுத்துப் பேசக் கூடாது. பதில் இல்லாமல் வாயடைத்துப் போகிறவர் தோற்றவர். அண்ணி இதுவரை ஒரு தடவைகூடத் தோற்றதில்லை. அவள் வாய் அப்படி.

இன்றைய தகராறு சுவரின் நிறத்தைப் பற்றியதல்ல. மார்பகப் புற்றுநோய்க்கான சிகிச்சையெல்லாம் முடிந்துவிட்டது. இனி எலும்பைக் காக்க ஆறு மாதத்துக்கு ஒரு முறை, மூன்று வருஷத்துக்கு, ஒரு மருந்தை நரம்பில் ஏற்றிக்கொள்வது நல்லது என்று டாக்டர் சொல்லிப் பத்து நாளாகிறது. நாலு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும். வேண்டுமா, வேண்டாமா என்று சொல்லியாக வேண்டும்.

“காரணம்தானே? அறுத்தாச்சு, கீமோ ஏத்தியாச்சு, கதிர்வீச்சு கரண்ட்டும் வெச்சாச்சு. உடம்புல இப்ப ஒண்ணும் இல்லைன்னு டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க. அப்புறம் எதுக்கு எலும்புக்கு மருந்து?”

“தினம் போடற ஹார்மோன் மாத்திரை எலும்பை மெலிய வெச்சிடும். இது தாங்கிப் பிடிக்கும். மாதவிலக்கு நின்னவங்களுக்கு, நோய் எலும்புல திரும்பி வர்ற வாய்ப்பும் கொஞ்சம் குறையுமாம்.”

“கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துக்காக, ஏத்தினதும் ரெண்டு நாள் ஜுரத்துல கிடந்து அனத்தணுமா?”

“கொஞ்சம்னாலும் நமக்கு லாபம்தானே. கீமோவையே பார்த்தாச்சு, இந்த ஜுரம் எம்மாத்திரம்?”

“தாடை எலும்பு செத்துப்போகுமாமே. என் கடவாப்பல் ஒண்ணு ஏற்கெனவே ஆடுது.”

நாத்தனாரின் நாக்கு அவள் கன்னத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

“அது எங்கேயோ ஒருத்தருக்கு வர்றது. முதல்ல பல் டாக்டர்கிட்ட போய் ஆடற பல்லை எடுத்து, புண் ஆறின பிறகுதான் மருந்தே. கண்ணை மூடிட்டு ஒண்ணும் ஏத்த மாட்டாங்க.”

“உன்னை ஆஸ்பத்திரியிலேயே வேலைக்குச் சேர்த்துக்கலாம் போல.”

“பேச்சை மாத்தாதீங்க. சுவர் காய்ஞ்சுட்டே வருது.”

அண்ணி விரல் நுனியால் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். இன்னும் லேசாக ஒட்டியது. அவள் குரல் இறங்கியது.

“நிஜத்தைச் சொல்லட்டுமா? பயமா இருக்கு. எலும்புக்கு மருந்துன்னு கேட்டதுமே அங்கேயும் வந்துடுச்சோன்னு தோணுது. மறுபடி கீமோ ஏத்தின அந்த நாற்காலில போய் உட்கார்ந்தா, நான் இன்னும் நோயாளிதான்னு ஆயிடும். எல்லாத்தையும் முடிச்சுட்டு வெளியே வந்துட்டேன். திரும்ப உள்ளே போக மாட்டேன்.”

நாத்தனார் ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். இந்த ஒரு பேச்சுக்குத்தான் அவள் பயந்துகொண்டிருந்தாள்.

“போன வருஷம் மருந்துக்கடை மொட்டைமாடிக்குத் தண்ணி இறங்காம இருக்கப் பூச்சு அடிச்சோமே. எப்ப அடிச்சோம்?”

“மழைக்கு முன்னாடி.”

“ஒழுகாத மாடிக்கு எதுக்கும்மான்னு கடைக்காரர் கேட்டார். ஒழுக ஆரம்பிச்ச பிறகு அடிச்சா நிக்காதுங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? இதுவும் அதுதான் அண்ணி. நோய் இருக்குன்னு ஏத்தலை. இல்லாதப்பவே ஏத்தறாங்க. மொத்தம் ஆறே தடவை, ஒவ்வொண்ணும் அரைமணி நேரம்.” அவள் அண்ணாந்து ஏணியின் உச்சியைப் பார்த்தாள். “மூணு வருஷம் கழிச்சும் இந்த ஏணில ஏறணும். தவறி விழுந்தாலும் எழுந்து தூசியைத் தட்டிட்டு மறுபடி ஏறணும். அதுக்கு எலும்பு கெட்டியா இருக்கணும்.”

அண்ணி சுவரை மறுபடி தொட்டாள். விரலில் எதுவும் ஒட்டவில்லை.

“என்கிட்ட பதில் இல்லை,” என்றாள்.

போன் அடித்தது. நாத்தனார் கையைத் துடைத்துக்கொண்டு தன் பையிலிருந்து அதை எடுத்தாள்.

“ஆமாங்க, பேஷன்ட்தான் பேசறேன். மருந்து ஏத்திக்கறேன். நாளைக்கே பல் டாக்டரைப் பார்த்துடறேன். இல்லைங்க, யாரும் கட்டாயப்படுத்தலை. என் கேள்விக்கெல்லாம் நானே பதில் சொல்லிட்டேன்.”

தகராறில் ஒருவர் கட்சியை மற்றவர் பேச வேண்டும் என்பது அவர்கள் வழக்கத்தின் மறுபாதி. பத்து நாளாக “ஏத்திக்கோம்மா, ஏத்திக்கோம்மா” என்று கெஞ்சி ஓய்ந்த அண்ணி, முதல் முறையாகத் தோற்ற சந்தோஷத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டே இறங்கி ஏணியைப் பிடித்துக்கொள்ள, ஆபரேஷனுக்குப் பிறகு முதல் முறையாக நாத்தனார் அதில் ஏறினாள்.