மூன்றாவது சுற்று

ஜப்பானில், ஒரு கோயிலுக்கு எதிரே கடலுக்குள் தனியாக நிற்கும் சிவப்பு மரவாசலை, தண்ணீர் வற்றியிருந்த நேரம் பார்த்துச் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுற்றத் தொடங்கினாள் செண்பகவல்லி. இரண்டாவது சுற்றில் கடல் திரும்பிவந்து முழங்காலைத் தொட்டது. கரையிலிருந்த காவலர் விசில் ஊதினார்.

“இது வெறும் வாசல்தான்டி! சாமி கரையில கோயிலுக்குள்ள இருக்கு, வந்துரு!” என்று கத்தினான் கணவன் தில்லைநாயகம்.

“வேண்டிக்கிட்டேங்க! மூணு சுத்து முடிக்கணும்!” சிரிப்பில் அவளுக்கு மூச்சு வாங்கியது. “வாசல்னா, சாமியும் இது வழியாத்தானே வரணும்?”

அப்போது வாசலின் இரண்டு தூண்களுக்கும் நடுவே ஓர் அலை எழும்பி, நுரையோடு உள்ளே நுழைந்தது. விசில் நின்றது. காவலர் தொப்பியைக் கழற்றித் தலை குனிந்தார்.

தில்லைநாயகம் அவசரமாக ஷூ லேஸை அவிழ்த்தான்.