ரொட்டி வேண்டாம்

"ரொட்டி வேண்டாம்" என்று பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தாள் சைகல்.

"ஒண்ணாவது இருக்கட்டுமே" என்றான் அவள் கணவன் மிர்லான்.

"நாளைக்கு இருநூத்தி இருபது கிலோமீட்டர் மிதிக்கணும். இந்தக் கனத்தை முதுகுல சுமந்துக்கிட்டா?"

மலைகளுக்கு நடுவே உள்ள பெரிய ஏரியின் தென்கரையோடு பாலிக்சியிலிருந்து கரகோல் வரை போகும் சைக்கிள் ஓட்டம். இருவருமே கலந்துகொள்கிறார்கள். எது கனமில்லாமல் தெம்பு தரும் என்று ஒரு மாதமாகப் படித்திருந்தாள் சைகல். சமையலறைத் தராசில் நிறுத்து நிறுத்துப் போட்டாள். ஆறு சத்து ஜெல் பாக்கெட், இரண்டு எனர்ஜி பார், பதினைந்து உலர்ந்த ஆப்ரிகாட்.

காயவைத்த உப்புத் தயிர் உருண்டைகளையும் வெளியே எடுத்தாள்.

"அது எதுக்கு? தாகம்தான் எடுக்கும்."

"எனக்குப் பசி தாங்காது சைகல்."

"உன் வயித்தக் கேட்டா ஒரு ஆட்டையே தூக்கிக்கிட்டு வரச் சொல்லும்."

மிர்லான் சிரித்துக்கொண்டே பையை மூடினான்.

காலையில் எல்லோரும் புறப்படத் தயாராக நின்றபோது, ஜூமாபெக் ஓரமாக உட்கார்ந்து அவித்த உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டிருந்தார். பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். வயது அறுபத்திரண்டு. இது அவருக்குப் பத்தாவது ஓட்டம். பத்து முறை முடித்தவர்களின் பெயரைச் சைக்கிள் சங்கத்துப் பலகையில் எழுதுவார்கள்.

"தங்கச்சி, உன் வீட்டுக்காரன் பையைத் தூக்கிப் பார்த்தேன். உள்ள காத்துதான் இருக்கு."

"நீங்க கிழங்கு மூட்டையோட வாங்கண்ணே. யார் முன்னாடி போறாங்கன்னு பார்ப்போம்."

சிரித்தபடி சொன்னாலும் அவளுக்குச் சுருக்கென்றது.

போட்டியை நடத்துபவர் விதியை மறுபடி சொன்னார். வழியில் தண்ணீர் கிடைக்கும். சாப்பாடு அவரவர் பையிலிருந்துதான். வேறு யாரிடமாவது வாங்கினால் பெயர் நீக்கப்படும்.

தொசோர் கிராமத்தில் சைகலுக்கு டயர் பஞ்சர். மிர்லான் வெகு பின்னால் வந்துகொண்டிருந்தான். டியூபை மாற்றிக்கொண்டிருந்தபோது ஜூமாபெக் அவளைத் தாண்டி வேகமாகப் போனார். டயரை மாட்டிக் கிளம்பி வளைவைத் திரும்பினால், ஒரு வீட்டு வாசலில் அவர் சைக்கிள் சாய்ந்து கிடந்தது.

அவர் வெளியே வந்தார். கையில் ஒரு முழு ரொட்டியும் ஒரு ஜாம் பாட்டிலும்.

சைகல் பிரேக் பிடித்தாள். "என்னண்ணே, கிழங்கு தீர்ந்துபோச்சா?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு ரொட்டியைச் சட்டைக்குள் செருகினார்.

"நீ போ தங்கச்சி. நேரமாகுது."

மீதி வழி முழுக்க அவளுக்கு அதே நினைப்புதான். எல்லோரும் பசியை அடக்கிக்கொண்டு மிதிக்கிறார்கள். ஒன்பது தடவையும் இப்படித்தான் ஓட்டினாரோ?

கரகோல் சேர்ந்ததும் நடத்துபவரிடம் சொல்லிவிட்டாள்.

ஜூமாபெக் இரண்டு மணி நேரம் கழித்து வந்தார்.

"வழியில ஒரு வீட்டுல ரொட்டி வாங்கினீங்களா?" என்று கேட்டார் நடத்துபவர்.

அவர் ஒருமுறை சைகலைப் பார்த்தார். "வாங்கினேன்."

"விதி தெரியும்தானே? எதுக்கு வாங்கினீங்க?"

"பசிதான்."

அவர் சட்டையிலிருந்த எண் அட்டையை வாங்கிக்கொண்டார்கள். விருந்துக்கு இருக்கச் சொல்லி யாரோ கூப்பிட்டார்கள். அவர் கேட்காதவர்போல சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பஸ் நிலையம் பக்கம் போனார். நியாயத்தைத்தானே சொன்னோம் என்று சைகல் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

அரை மணி நேரத்தில் மிர்லான் வந்துசேர்ந்தான். முகம் வெளுத்திருந்தது.

"சாப்பாடு போதுமா இருந்துச்சா?"

"ம். போதும்."

இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டுக் காரிலேயே தூங்கிப்போனான். விடிந்ததும் மலைமேல் சுரங்க வேலைக்குக் கிளம்பிவிட்டான். போனால் பதினைந்து நாள் கழித்துத்தான் வருவான். அங்கிருந்து பேசக் கிடைக்கும் இரண்டு நிமிடத்தில் நலம் விசாரிக்கத்தான் நேரமிருக்கும்.

திரும்பி வந்த அன்று டீ குடித்துக்கொண்டே கேட்டான்: "ஜூமாபெக் அண்ணன் பேரைப் பலகையில எழுதிட்டாங்களா? போய்ப் பார்த்துட்டு வரலாம், வா."

"எழுதல. பேரை நீக்கிட்டாங்க."

"ஏன்?"

"தொசோர்ல ஒரு வீட்டுல ரொட்டி வாங்கினாரு. நான் பார்த்தேன். நான்தான் சொன்னேன்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "இனிமே முட்டி தாங்காதுன்னு போன வாரம் சைக்கிளையும் வித்துட்டாராம்."

மிர்லான் கோப்பையைக் கீழே வைத்தான்.

"தொசோர் வர்றதுக்கு முன்னாடி இருக்கிற ஏத்தத்துல கண்ணு இருட்டிக்கிட்டு விழுந்துட்டேன் சைகல். என் பையில ஒண்ணும் மிச்சமில்ல. அவரு தன்கிட்ட இருந்த கிழங்கையெல்லாம் கொடுத்தாரு. அப்பவும் எழுந்திருக்க முடியல. 'இங்கேயே படுத்திரு'ன்னு சொல்லிட்டு ஊருக்குள்ள போனாரு. திரும்பி வந்து ரொட்டியைப் பிச்சுப் பிச்சு ஊட்டினாரு."

சைகல் அவனையே பார்த்தாள்.

"நீ பார்த்துப் பார்த்து எடுத்து வச்சது பத்தலைன்னு தெரிஞ்சா உன் மனசு கஷ்டப்படும்னு, அவரு ஊருக்குள்ள கிளம்பினப்பவே 'அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கண்ணே'ன்னு கெஞ்சிக் கேட்டேன்."

அவன் குரல் இறங்கியது.

"பேரை நீக்கினப்போகூடவா அவர் வாயைத் திறக்கல?"