சோடாக் கடை நட்டு

பலமாகத் திறக்கத் திறக்க இறுக்கமாக மூடிக்கொள்வது எது? யோசித்துக்கொண்டே கேளுங்கள்.

ஒரு சோடாக் கடையில், காஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரில் ஒரு பித்தளை நட்டு இருந்தது. அதற்குள் இருந்த வாஷர் கிழிந்துவிட்டது. நட்டு கழன்றால்தான் வாஷரை மாற்ற முடியும், மாற்றினால்தான் சோடா. சிலிண்டரை மூடியதும் பெரிய ஸ்பேனர் நட்டைப் பிடித்தது.

"அண்ணே, நான் வேற மாதிரி நட்டு. என்னை வலப்பக்கம் திருப்பினாத்தான் கழலுவேன். அதுக்கு அடையாளமா மூலையிலே வெட்டு போட்டிருக்காங்க, பாருங்க."

"கீறலா? வயசானா எல்லாருக்கும் விழும்" என்று ஸ்பேனர் வழக்கம்போல இடப்பக்கமே திருப்பியது. நட்டு இறுகியது. அதன் மூலைகள் தேயத் தொடங்கின.

"இன்னொரு தடவை இப்படித் திருப்பினா உருண்டையாயிடுவேன். அப்புறம் என்னை யாராலும் பிடிக்க முடியாது, அண்ணே."

"பிடிவாதக்காரன். என் பிடியிலே நீளமா ஒரு குழாயைச் சொருகினா, தன்னால வருவே."

"பலம் நிறைய இருக்கு. காதுதான் இல்லை" என்றது பக்கத்தில் இருந்த எண்ணெய்க் குப்பி.

அப்போது கடைக்காரரின் மகள் தேன்மொழி குழாயோடு வந்தாள். குனிந்து நட்டின் மூலைகளில் இருந்த வெட்டைப் பார்த்தாள். குழாயைக் கீழே வைத்தாள். ஸ்பேனரை வலப்பக்கம் திருப்பினாள்.